மூன்றாம் மைல் சைக்கிள் சாமி

உடையப்பன் பள்ளத்தில் கிடந்தார். மேலே ரோட்டில், பஸ் கிளப்பிவிட்டுப் போன புழுதி இன்னும் அடங்கவில்லை. அவர் முதலில் தொட்டுப் பார்த்தது முழங்காலை அல்ல, மண்டையை அல்ல, இடுப்பை. வேட்டி மடிப்பில் ஆபீஸ் சாவிக்கொத்து இல்லை.

"போச்சு," என்றார், பள்ளத்துத் தண்ணீரைப் பார்த்து.

அந்தச் சாவிக்கொத்து இல்லாவிட்டால் புதுக்கோட்டையில் ஒரு சர்க்கார் ஆபீஸ் திறக்காது. ஒன்பதரைக்குக் கதவைத் திறந்து, பெருக்கி, பானையில் தண்ணீர் ஊற்றி வைப்பது உடையப்பன் வேலை. அவர் வராவிட்டால் ஆபீசர் முதற்கொண்டு அத்தனை பேரும் வராண்டாவில் நிற்க வேண்டும். போன வாரம் ஒருநாள் நின்றார்கள். அன்றைக்கு வருகைப் பதிவேட்டில் உடையப்பன் பேருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு கோடு விழுந்தது.

கோடு விழுந்ததற்குக் காரணம் உடையப்பன் அல்ல, ரோடு. பொன்னமராவதியிலிருந்து புதுக்கோட்டைக்கு வரும் ரோட்டில் அந்தக் காலத்தில் தார் போட்டிருந்தது ஒரு பஸ் அகலத்துக்குத்தான். பஸ்ஸையே கொண்டுவந்து நிறுத்தி அளவெடுத்திருப்பார்களோ என்னவோ. இரண்டு பக்கமும் சரளை, சரளைக்கு அப்பால் கருவேலமுள். பஸ் வந்தால் சைக்கிள்காரன் இறங்க வேண்டும். இறங்கினால் முள் குத்தும். பிறகு மிச்ச தூரத்துக்குச் சைக்கிளை அவன்தான் உருட்டிக்கொண்டு போக வேண்டும். பஸ் மட்டும் ஒருநாளும் தாரை விட்டு இறங்கியது கிடையாது. சாலை போட்ட புண்ணியவான்களுக்கு மனிதன் சைக்கிளில் போவான் என்பது தெரியாமலா இருந்திருக்கும்? தெரியும். இறங்கிக்கொள்வான் என்றும் தெரியும்.

உடையப்பன் ஊரிலிருந்து டவுனுக்கு ஏழு மைல். தினமும் டவுனுக்கு மூன்று மைல் இருக்கையில், மூன்றாம் மைல் பாலத்துக்கிட்டே வரும்போது அந்தப் பஸ் பின்னாலிருந்து பிடித்துவிடும். அதற்குத் தப்பிக்கத்தான் இன்றைக்கு இரண்டு மணி நேரம் முன்னால் கிளம்பினார். அப்போதுதான் தெரிந்தது, அதே பஸ் அந்த நேரத்தில் டவுனிலிருந்து எதிரே வரும் என்பது. பின்னால் வந்தால் ஹாரன் சத்தம் கேட்டு இறங்க அவகாசம் உண்டு. எதிரே வந்ததில் அதுவும் இல்லை. நேரே பள்ளம்தான்.

முழங்கால் அளவுத் தண்ணீரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் துழாவினார். சாவி கிடைத்தது. அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மேலேறி, சைக்கிளைத் தார் மேல் தூக்கி வைத்தார். பொன்னமராவதி போன பஸ் அதற்குள் திரும்பி வந்துவிட்டது. மறுபடி இறங்கினார். முன் சக்கரத்தில் முள்.

ஆபீஸ் வராண்டாவில் ஆபீசர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். ஹெட் கிளார்க் ரெங்கராஜ் சிவப்பு மைப் பேனாவோடு நின்றார். கதவு திறந்ததும் உள்ளே போய் இரண்டாவது கோட்டைப் போட்டுவிட்டுத்தான் கூப்பிட்டார்.

"ஒடையப்பா, ஆறு வருசமா டெம்பரரியா இருக்கே. தை மாசம் பர்மனெண்ட் ஆர்டர் வருது. மூணாவது செவப்பு விழுந்துச்சுன்னா ஒம்பேரு லிஸ்ட்டுல இருக்காது. நானே நெனச்சாலும் முடியாது, கேட்டுக்க."

"சார், பஸ்காரன் எறக்கி விட்டுட்டான் சார்."

"ஆபீசர்கிட்ட பஸ்ஸு கதையெல்லாம் சொல்ல முடியுமாய்யா?"

சொல்ல முடியாதுதான். ஆறு வருஷமாக வருஷக் கடைசியில் ரெங்கராஜ் மேஜைக்கு முன்னால் வந்து, "அடுத்த மாசம் வரலாங்களா சார்?" என்று கேட்டு நின்றவர் உடையப்பன். அந்தக் கேள்வியை இனிமேல் கேட்கவே கூடாது. அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று சொன்னார். "நாளையிலேருந்து எறங்க மாட்டேன்."

மனைவி மீனம்மாளுக்குப் புரியவில்லை. "எதுலேருந்துங்க?"

"ரோட்டுலேருந்து. சர்க்கார் ரோடு. நானும் சர்க்கார் ஆளு. எதுக்கு எறங்கணும்?"

"டெம்பரரிதானங்க?"

உடையப்பன் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.

மறுநாள் பஸ் சீக்கிரமாகவே, ஐந்தாம் மைலிலேயே பின்னால் வந்துவிட்டது. ஹாரன் அடித்தது. உடையப்பன் நடு ரோட்டில், முதுகை நிமிர்த்தி, ஒரே சீராக மிதித்தார். ஹாரன் இரண்டாம் முறை அடித்தது, மூன்றாம் முறை அடித்தது, பிறகு நிற்கவே இல்லை. கண்டக்டர் இன்னாசி படியில் தொங்கிக்கொண்டு கத்தினான்.

"அண்ணே! கொஞ்சம் ஒதுங்குங்கண்ணே!"

"எங்கிட்டு ஒதுங்க? முள்ளுக்குள்ளயா?"

"எல்லாரும் அங்கிட்டுத்தானண்ணே போறாங்க!"

"அப்ப இன்னிக்கு நீங்க போங்க!"

டிரைவர் நாகராசு பக்கவாட்டில் தலையை நீட்டினான். கட்டை மீசை, காக்கிச் சட்டை, தொண்டை ஹாரனைவிடப் பெரிசு. "யோவ்! மொதலாளி கடியாரத்தைக் கையில வச்சுக்கிட்டு ஸ்டாண்டுல நிக்கிறாருய்யா! வழிய விடுய்யா!"

"எங்க ஆபீசரும்தான் வராண்டாவுல நிக்கிறாரு!" என்றார் உடையப்பன், திரும்பாமலே.

இரண்டு மைல் இப்படியே போனது. பஸ்ஸுக்குள் பாதிப் பேர் உடையப்பனைத் திட்டினார்கள், மீதிப் பேர் நாகராசுவைத் திட்டினார்கள். ஒரு பெரியவர் எழுந்து, இறங்கி நடந்தாலே முன்னால் போய்விடலாம் என்றார். மூன்றாம் மைல் பாலத்தில் நாகராசு பொறுமையிழந்து, இருக்கிற இடைவெளியில் நுழைந்து விடலாம் என்று வண்டியை ஒடித்தான். பஸ் இடித்ததா, காற்று தள்ளியதா, உடையப்பனுக்கே பயத்தில் கை நழுவியதா, இன்றுவரை தெரியாது. கைப்பிடிச் சுவரைத் தாண்டி, சைக்கிளும் அவருமாக வாய்க்காலுக்குள் போய் விழுந்தார்கள்.

கோரைப்புல் தாங்கிக்கொண்டது. முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். சைக்கிளின் முன் சக்கரம்தான் அப்பளமாக நெளிந்து போயிருந்தது. பஸ் நின்றதா போனதா என்று அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இடுப்பில் சாவி இருந்தது. சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு, வாய்க்கால் வழியாகக் கண்மாய்க்கரை ஏறி ஓட ஆரம்பித்தார்.

ஒன்பது இருபத்தெட்டுக்கு ஆபீஸ் கதவு திறந்தது. இரைக்க இரைக்கப் பெருக்கிக்கொண்டிருந்தவரை ரெங்கராஜ் திருப்தியோடு பார்த்தார்.

அன்று சாயங்காலம் பொழுது சாயும்போது உடையப்பன் வாய்க்காலுக்குள் இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கரை வழியாகவே வீட்டுக்குப் போனார். மீனம்மாளிடம், "சறுக்கி விழுந்துட்டேன்," என்றதோடு சரி. ஒரு சர்க்கார் ஆளை ஒரு பஸ் வாய்க்காலில் தள்ளிவிட்டது என்று யாரிடம் போய்ச் சொல்வது? வெட்கக்கேடு.

அதன் பிறகு ஒரு மாதம் அவர் ரோட்டுப் பக்கமே போகவில்லை. விடியும் முன்னே எழுந்து கண்மாய்க்கரையில் நடந்தார். கால் வலித்தது, கோடு விழவில்லை. ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்தது. கண்மாய் நிறைந்து கரைப்பாதை நாலு இடத்தில் அறுத்துக்கொண்டு போனது. சைக்கிளுக்குப் புதுச் சக்கரம் போட்டுக்கொண்டு, குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு, உடையப்பன் மறுபடியும் ரோட்டுக்கு வந்தார்.

மூன்றாம் மைல் பாலத்துக்கிட்டே ஒரு கல் நட்டிருந்தது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துண்டு கட்டி, மாலை போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு பொம்பளை சாக்கை விரித்துத் தேங்காயும் சூடமும் விற்றுக்கொண்டிருந்தாள். பால் கேன் கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் இறங்கி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஏறிப் போனார். உடையப்பனும் இறங்கினார். சாமி என்றால் இறங்காமல் இருக்க முடியுமா?

"ஏம்மா, இது என்ன சாமி? போன மாசம் இல்லையே?"

அந்தப் பொம்பளை பேர் காத்தாயி. பாலத்துக்கு அந்தாண்டை ஊர்க்காரி. அவருக்கு விபூதி கொடுத்துவிட்டுச் சொன்னாள். "சைக்கிள் சாமிங்க. துடியான சாமி. ஒரு கவர்மெண்டு ஆளு, பஸ்ஸுக்கு வழிவிட மாட்டேன்னு நடு ரோட்டுல போனாராம். இந்தப் பாலத்துலதான் விழுந்து செத்துப் போனாரு."

விபூதி பூசப் போன கை நெற்றியிலேயே நின்றது. "செத்துப் போனாரா? யாரு பார்த்தா?"

"டிரைவரே பார்த்தாருல்ல! எறங்கி ஓடியாந்து பார்த்தா, சைக்கிளு மட்டும் நெளிஞ்சு கெடக்கு, ஆளைக் காணோம். ஒடம்பே கெடைக்கலைங்க. மறுநாளு வந்து பார்த்தா சைக்கிளையும் காணோம்!"

"அதை அவரே வந்து எடுத்துட்டுப் போயிருக்கலாமேம்மா."

"செத்தவரு எப்படிங்க எடுத்துட்டுப் போவாரு?" காத்தாயி அவரைப் பாவமாகப் பார்த்தாள். "சைக்கிளோட மறைஞ்சவரு சாமியில்லாம வேற யாருங்க?"

உடையப்பன் விபூதியைப் பூசிக்கொண்டார்.

தூரத்தில் பஸ் சத்தம் கேட்டது. உடம்பு பழக்கத்தில் தானாக இறங்கியது. சைக்கிளோடு கருவேலம் புதருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். பஸ் வந்து நின்றது. ஜனங்கள் இறங்கினார்கள். நாகராசு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, தேங்காய் உடைத்து, சூடம் கொளுத்தி, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு நின்றான். இன்னாசி வேதக்காரன், நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு மணியடித்தான். ஐந்து நிமிஷம் ஆனது. பிறகு பஸ் கிளம்பியது. உடையப்பன் புதருக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். முன்னால் போய்க்கொண்டிருந்த பால்காரரை அது பின்னாலிருந்து நெருங்கியது. ஹாரன் அடிக்கவில்லை. இடது பக்கத்துச் சக்கரங்கள் மெள்ள, தாரை விட்டு, சரளையில் இறங்கின.

பஸ் இறங்கியது! பால்காரர் தார் மேலேயே போனார்.

உடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. உயிரோடு இருந்தவரைக்கும் யோவ், ஒதுங்கு என்றவன், செத்துப்போனார் என்றதும் செருப்பைக் கழற்றுகிறான். ஆறு வருஷத்தில் அவருக்கு யாரும் எழுந்து நின்றுகூட மரியாதை செய்ததில்லை.

"ஒரு மாசமா இந்த ரோட்டுல சைக்கிள்ல போறவுக யாருக்கும் ஒரு முள்ளு குத்துனதில்லைங்க," என்றாள் காத்தாயி, புதர்ப் பக்கம் திரும்பி. "எல்லாம் இவரு புண்ணியம்."

அவ்வளவு கேட்ட பிறகு ஒரு மனுஷன் எப்படி வெளியே வந்து, நான் சாகவில்லை என்று சொல்வார்? சொன்னால் நாளைக்கே கல்லைப் பிடுங்கிவிடுவான் நாகராசு. பழையபடி ஹாரன், பழையபடி முள். பால்காரரும் சைக்கிளில் ஜவுளி மூட்டை கொண்டு போகிறவர்களும் இவரும் வரிசையாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். தை மாதத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதுவரையிலாவது தாம் செத்தவராகவே இருப்பது என்று உடையப்பன் முடிவு செய்தார்.

தினமும் புதருக்குள் ஒளிந்தால் நேரம் ஆகிறது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை விராலிமலைக்குப் போய் முருகனுக்கு மொட்டை போட்டுக்கொண்டார். மீசையையும் எடுத்துவிட்டார். கண்ணாடியில் பார்த்தபோது அவருக்கே ஆள் தெரியவில்லை.

"எதுக்குங்க திடீர்னு?" என்றாள் மீனம்மாள்.

"வேண்டுதல்."

"மீசையுமா?"

"முருகன் கேட்டுட்டாரு."

திங்கட்கிழமை ரோட்டில் போனார். பாலத்தில் பூஜையை முடித்துக்கொண்டு வந்த பஸ் பின்னால் நெருங்கியது, சரளையில் இறங்கியது, பக்கத்தில் வந்தது. நாகராசு அவரைப் பார்த்துக் கையைக்கூட உயர்த்தினான். அடையாளம் தெரியவில்லை! உடையப்பன் ஒன்பது மணி பத்து நிமிஷத்துக்கே ஆபீஸைத் திறந்துவிட்டு, உட்கார்ந்து ஒரு பீடிகூடக் குடித்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தார்.

ரெங்கராஜ் வந்தார். மொட்டையைப் பார்த்தார். மீசையில்லாத மூஞ்சியைப் பார்த்தார். குடையைக் கீழே வைத்தார்.

"அடடா. யாரு ஒடையப்பா?"

மொட்டை போட்டு மீசையும் எடுத்தால் வீட்டில் சாவு, கேதம் என்றுதானே அர்த்தம். உடையப்பன் இதை யோசிக்கவே இல்லை. வேண்டுதல் என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் ரெங்கராஜ் தோளில் கை வைத்துவிட்டார். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக வைத்த கை. அதைத் தட்டிவிட மனசு வரவில்லை.

"சொந்தத்துல ஒருத்தர்ங்க சார்."

"ரொம்ப நெருக்கமோ?"

"ரொம்ப நெருக்கம்ங்க."

"வயசாளியா?"

"என் வயசுதான் சார்."

ரெங்கராஜ் இன்னொரு கையையும் தோளில் வைத்தார். "இம்புட்டுத் துக்கத்துலயும் லீவு கேக்காம, நேரத்துக்கு வந்து தொறந்து வச்சிருக்கியே!" என்றவர், நேரே மேஜைக்குப் போய், பர்மனெண்ட் ஆக்க வேண்டியவர்கள் பட்டியலில் உடையப்பன் பேருக்கு எதிரே, 'சொந்த வீட்டு இழவிலும் கடமை தவறாதவர்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு ஆபீசரிடம் அனுப்பிவிட்டார்.

நல்ல மனுஷர். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் துக்கம் கேட்க வந்துவிட்டார்.

உடையப்பன் அப்போது தொழுவத்தில் இருந்தார். மீனம்மாள் தலைநிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியோடு சிரித்துப் பேசி மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். ரெங்கராஜ் மேல்துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"மனசைத் தேத்திக்கம்மா."

"எதுக்குங்க?"

"யாரும்மா தவறிப் போனது?"

"யாரும் தவறலையேங்க! எல்லாரும் நல்லாத்தானே இருக்கோம்? நீங்க யாருங்க?"

உடையப்பன் சாணிக்கையோடு ஓடிவந்தபோது ரெங்கராஜ் முகம் கறுத்திருந்தது.

"ஏய்யா, இழவுன்னு எழுதி அனுப்பியிருக்கேன். கீழ என் கையெழுத்து இருக்குய்யா! ஆபீசருக்குத் தெரிஞ்சா என் வேலையும் போயிரும். சொல்லு, செத்தது யாரு?"

உடையப்பன் சாணிக்கையை வேட்டியில் துடைத்தார். நான்தான் என்று எப்படிச் சொல்வது?

"சாவியக் குடு."

"சார்..."

"குடுய்யா. வர்ற வழியில சைக்கிள் சாமி முன்னால நின்னு, ஒனக்கு நல்லபடியா பர்மனெண்ட் ஆகணும்னு வேண்டிக்கிட்டு வந்தேன். என் புத்தியச் செருப்பால அடிக்கணும். நாளைக்குக் காலையில அதே சாமி முன்னால வா. சூடத்தை அணைச்சு, எங்க சொந்தத்துல சாவு நடந்தது நெசம்னு சத்தியம் பண்ணு. பண்ணுனா இந்தா சாவி. இல்லேன்னா ஒம்பேரை நானே அடிச்சிருவேன்."

இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்துக் கொடுக்கும்போது உடையப்பனுக்கு அழுகை வந்துவிட்டது. மீனம்மாள் ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க யாரைங்க கொன்னீங்க?" என்றாள், ரெங்கராஜ் போன பிறகு.

"என்னையத்தான்," என்றார் உடையப்பன்.

திங்கட்கிழமை காலையில் ரெங்கராஜ் டவுனிலிருந்து குடையோடு வந்து பாலத்தில் நின்றார். உடையப்பன் வந்து சைக்கிளைச் சாய்த்து வைப்பதற்கும் பொன்னமராவதி பஸ் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. சத்தியம் பண்ணப் போகிறார்கள் என்று காத்தாயி சொல்லவும், பஸ்ஸில் இருந்த ஒரு ஜீவன் பாக்கியில்லாமல் இறங்கி வட்டம் கட்டி நின்றது. நாகராசு செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். காத்தாயி ஒரு பெரிய சூடக்கட்டியைக் கல்லுக்கு முன்னால் வைத்துக் கொளுத்தினாள்.

"ம், அணைச்சுச் சொல்லு," என்றார் ரெங்கராஜ்.

உடையப்பன் கையை நீட்டினார். ஒரு அடி அடித்தால் போதும், தீ அணைந்துவிடும், சாவி திரும்ப வந்துவிடும், தை மாதம் ஆர்டர் வந்துவிடும். அந்தச் சாமி தான்தான் என்பதும் அவருக்குத் தெரியும். பொய்ச் சத்தியம் பண்ணினால் தன் கண்ணைத் தானே குத்தப் போவதில்லை. ஆனாலும் கை இறங்க மாட்டேன் என்றது. அத்தனை பேர் கும்பிட்ட கல். போன வாரம் அவரே இரண்டு தடவை கும்பிட்டிருக்கிறார்.

"சார்," என்றார். "முடியாது சார். எங்க வீட்டுல யாரும் சாகலை. செத்ததாச் சொல்றது என்னையத்தான். இந்த வாய்க்காலுக்குள்ள விழுந்தது நான்தான். சைக்கிளை எடுத்துட்டுப் போனதும் நான்தான். நான் சாகலை சார். இந்தச் சாமி நான்தான்."

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். காத்தாயி வாயில் அடித்துக்கொண்டாள். "ஐயையோ, சாமி குத்தமாயிருமே! பேசாதீங்க!"

ரெங்கராஜ் திணறிப்போனார். "டிரைவர், அன்னிக்கு அந்த ஆளைப் பார்த்தவன் நீதானே? நல்லாப் பார்த்துச் சொல்லு. அது இவனா?"

நாகராசு கிட்டே வந்தான். உடையப்பனின் மொட்டைத் தலையைப் பார்த்தான், மீசையில்லாத முகத்தைப் பார்த்தான், கண்ணைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். இவர்தான் என்று சொல்லிவிட்டால் உடையப்பனுக்கு எல்லாம் முடிந்தது. கல்லும் போகும், சாவியும் போகும். ஆனால் நெஞ்சில் இருக்கிற பாரமும் போகும்.

"இவரு இல்லைங்க," என்றான் நாகராசு.

உள்ளங்கையால் ஒரே அடி. சூடம் அணைந்தது.

"சத்தியமா இவரு இல்லை. அவரு போயிட்டாரு. சாமியாயிட்டாரு." குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். "ஆனா ஜாடை இருக்குங்க. கூடப்பொறந்தவரா இருக்கும். பாவம், துக்கத்துல புத்தி கலங்கிப் போச்சு."

ரெங்கராஜ் குடையைக் கீழே போட்டுவிட்டார். "ஒடையப்பா! ஒன் கூடப்பொறந்தவனாய்யா? அதான் என் வயசுன்னு சொன்னியா? அடப்பாவி, மொதல்லயே சொல்றதுக்கென்ன? வீட்டுப் பொம்பளைக்குக்கூடச் சொல்லாம மனசுக்குள்ளயே போட்டு வச்சிருக்கியே!" உடையப்பனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சாவிக்கொத்தை எடுத்து அவர் கையில் வைத்து மூடினார். "போ. போயி ஆபீஸைத் தொற. நான் பஸ்ஸுல வாரேன். ஒன் ஆர்டரை யாரு தடுக்குறான்னு பார்க்கிறேன்."

கூட்டம் உச்சுக் கொட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறியது. இரண்டு பேர் உடையப்பன் காலையும் தொட்டுக் கும்பிட்டார்கள். சாமியின் தம்பி ஆயிற்றே. அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். உண்மையைச் சொல்லியும் ஒருத்தரும் நம்பவில்லையே என்று வருத்தப்படுவதா, வேலை பிழைத்தது என்று சந்தோஷப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் உறுத்தியது. அவ்வளவு கிட்டே வந்து பார்த்தும் ஒரு மனிதனுக்கு எப்படி அடையாளம் தெரியாமல் போகும்?

தேங்காய்ச் சில்லைப் பொறுக்கிக்கொண்டு கடைசியாக இன்னாசி வந்தான். உடையப்பன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நெசமாத்தான் கேக்குறேன். ஒங்க டிரைவருக்கு என்னையத் தெரியவே இல்லையா?"

இன்னாசி பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தான். ரெங்கராஜ் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாகராசு கைக்கடியாரத்தைப் பார்க்காமல், ஸ்டியரிங்கில் சாய்ந்து, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தான்.

"மெதுவாப் பேசுங்கண்ணே," என்றான் இன்னாசி. "விழுந்த மூணாம் நாளே ஒங்கள டவுன்ல தண்ணிக் கொடத்தோட பார்த்துட்டோம், அதுக்கப்புறந்தான் கல்லையே நட்டோம், சைக்கிள்காரனுக்காக மெதுவாப் போனோம்னா மொதலாளி சீட்டைக் கிழிச்சிருவாரு, சாமிக்காகன்னா அவரே வந்து மாலை போட்டுட்டுப் போறாரு."